உங்கள் பெட்டி மட்டும் தெரிந்தால் போதுமாம்!

"உங்களுக்குத் தேவையான பகுதியை மட்டும் ஷேர் பண்ணியிருக்கோம்."

பெங்களூரில் பொட்டி தட்டிப் பிழைக்கும் எவரும் மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிற வாக்கியம் இது. கேட்பதற்கு ரொம்ப மரியாதையாக இருக்கும். உங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை மாதிரியும் தெரியும். ஆனால் இன்றைய அலுவலகங்களில் புழங்குகிற வாக்கியங்களிலேயே திமிரான வாக்கியம் இதுதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி ஆறுவதற்குள் முடியாது, முன்னாடியே சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டர் சமாசாரம் என்று வீட்டில் இருப்பவர்கள் தாண்டிப் போய்விட வேண்டாம். மாதத் தவணையும் பள்ளிக்கூட ஃபீஸும் கட்டுகிற குடும்பங்களுக்குத்தான் இது அதிகம் சம்பந்தப்பட்டது.

முதலில், இந்த வரைபடம் என்பது என்ன?

ஹார்வர்டில் பாடம் நடத்திய ராபர்ட் காப்லானும், அவர் கூட்டாளி டேவிட் நார்ட்டனும் 1992-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். லாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தை ஓட்ட முடியாது, வேறு மூன்று பக்கங்களிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது சாரம். அதிலிருந்து வளர்ந்ததுதான் வியூக வரைபடம். 2004-ல் அதற்கென்றே ஒரு புத்தகமும் போட்டார்கள்.

புரியாவிட்டால் ஒரு டிபன் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டுகள். மேல் தட்டில் பணம்: மாதம் இவ்வளவு மிச்சம் வரவேண்டும். அதற்குக் கீழே வாடிக்கையாளர்: காலையில் சாப்பிட்டவன் ராத்திரியும் வரவேண்டும். அதற்கும் கீழே உள்வேலை: சாம்பார் ஏழரைக்குள் இறங்கியிருக்க வேண்டும், டோக்கன் வரிசை நகர வேண்டும். அடித்தட்டில் ஆட்கள்: மாஸ்டர் ஊருக்குப் போனால் கல்லைப் பார்த்துக்கொள்ள இன்னொருவன் பழகியிருக்க வேண்டும். இந்த நாலு தட்டிலும் பெட்டி பெட்டியாக எழுதி, எது நடந்தால் எது நடக்கும் என்று கீழிருந்து மேலே அம்பு போட்டால், அதுதான் வியூக வரைபடம். அவ்வளவே.

இதில் உயிர் எங்கே இருக்கிறது? பெட்டியில் இல்லை. அம்பில். "சாம்பார் ஏழரைக்கு" என்பது வெறும் உத்தரவு. "சாம்பார் ஏழரைக்கு இறங்கினால் எட்டு மணி ஷிப்டுக்குப் போகிறவன் நம்மிடம் வருவான்" என்பது காரணம். உத்தரவை மட்டும் தெரிந்தவன் ஏழரைக்கு வேகாத பருப்போடு சாம்பாரை இறக்குவான். காரணம் தெரிந்தவன் ஏழு முப்பத்தைந்து ஆனாலும் பருப்பை வேகவிடுவான்.

இந்தச் சின்ன வித்தியாசம்தான் இந்தப் பதிவு முழுக்க.

கத்தரி போடும் விதம்

இப்போது எல்லா வரைபடமும் ஏதாவது ஒரு மென்பொருளில்தான் இருக்கிறது. ஒரு பெரிய பலகை, அதில் கிளை கிளையாகப் பெட்டிகள். வெளியாள் ஒருவர் வேலைக்கு வரும்போது (வெண்டர், கன்சல்டன்ட், ஒப்பந்தப் பணியாளர், பெயர் எதுவானாலும்) உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார்? தன் பலகையிலிருந்து ஒரு மூலையை மட்டும் வெட்டி, தனிக் கோப்பாக்கி, லிங்க் அனுப்புகிறார். வெட்டும் இடத்தில் அம்புகள் அறுந்துவிடும். சில மென்பொருள்களில் அறுந்த அம்பு காணாமலே போய்விடும். அங்கே ஒன்று இருந்தது என்பதே பெறுபவருக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் டீமுக்கு அப்படி ஒரு மூலை வந்தது. கிளையண்ட் கடல் கடந்தவர். எங்களுக்கு வந்தது மூன்றே மூன்று பெட்டிகள். நடுப்பெட்டியில் "வாடிக்கையாளர் அழைப்பின் சராசரி நேரத்தைக் குறை" என்று இருந்தது. குறைத்தோம். அழைப்பு வந்ததும் இயந்திரம் பதில் சொல்லும், முடிந்தவரை மனிதரிடம் போகாது. மூன்று காலாண்டும் எங்கள் பெட்டி பச்சை. பாராட்டு மெயில் கூட வந்தது. நாலாவது காலாண்டில் ஒப்பந்தம் ரத்து. சொல்லப்பட்ட காரணம்: "வெண்டருக்கு வியாபாரப் புரிதல் போதவில்லை."

அப்புறம்தான் மேல்தட்டில் இருந்த பெட்டி என்ன என்று தெரிந்தது. "பல வருட வாடிக்கையாளர்கள் விலகாமல் பார்த்துக்கொள்." அந்தப் பல வருட வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். மனிதக் குரலோடு பேசத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பெட்டி பச்சையாக ஆக ஆக அவர்கள் பெட்டி சிவப்பாகிக்கொண்டே போயிருக்கிறது. ஒரே ஒரு அம்பு தெரிந்திருந்தால் போதும். எங்கள் டீமில் இருந்த ரெண்டு வருட அனுபவப் பையன்கூட "வயசானவங்க கால் மட்டும் நேரா ஆளுக்குப் போகட்டும்" என்று சொல்லியிருப்பான். சொல்வதற்கு அவனுக்கு வழி வைக்கவில்லை. படத்தைக் கிழித்து மறைத்துவிட்டு, படம் புரியவில்லை என்று பரீட்சையில் ஃபெயில் போட்டார்கள்.

இது ஒரு கிளையண்டின் குணம் என்று நினைத்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். இது ஒரு பழக்கம். ஊர் பூராவும் இருக்கிற பழக்கம்.

"தகவல் பாதுகாப்பு சார்!"

எதிர்க்கட்சி வாதத்தை நேர்மையாக எடுத்து வைப்போம். மூன்று வாதம் சொல்வார்கள்.

ஒன்று, சட்டம். "பட்டியலிடப்பட்ட கம்பெனி. வெளியாளிடம் வியூகம் சொன்னால் செபி பிடிக்கும்." உள்வணிகத் தடுப்பு ஒழுங்குமுறைகள் 2015 என்று ஒன்று இருக்கிறது, உண்மை. பங்கு விலையைப் பாதிக்கும் வெளியிடப்படாத தகவலைப் பரப்பக் கூடாது, அதுவும் உண்மை. ஆனால் அதே ஒழுங்குமுறை, முறையான காரியத்துக்காகப் பகிரலாம் என்றும் சொல்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தம், வழக்கமான தொழில் போக்கில் யாரோடு பகிர்வது முறையான காரியம் என்று ஒரு பட்டியலே தருகிறது. கூட்டாளிகள், உடனுழைப்பவர்கள், கடன் கொடுப்பவர்கள், சப்ளையர்கள், ஆலோசகர்கள் எல்லோரும் அதில் உண்டு. யாரிடம் பகிர்ந்தோம் என்று டிஜிட்டல் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், வாங்கியவர் ரகசியம் காக்க வேண்டும். அவ்வளவுதான். சட்டம் கதவைப் பூட்டவில்லை, வாசலில் வருகைப் பதிவு நோட்டு வைத்திருக்கிறது. நோட்டில் எழுதச் சோம்பல்பட்டு, கதவு பூட்டியிருக்கிறது என்கிறார்கள்.

அதுவும் போக, எங்களுக்குத் தேவைப்பட்ட அம்பு பங்குச் சந்தையைப் புரட்டிப்போடும் ரகசியமா என்ன? பெரியவர்களுக்கு மனிதக் குரல் பிடிக்கும் என்பது!

இரண்டாவது வாதம், பொறியியல் வாதம். இதுதான் கொஞ்சம் கனமானது. டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிஞர் 1972-ல் எழுதிய கட்டுரையிலிருந்து மென்பொருள் உலகத்துக்கே ஒரு வேதவாக்கு உண்டு: ஒவ்வொரு பகுதியும் தன் உள்விவகாரத்தை மற்ற பகுதிகளிடமிருந்து மறைக்க வேண்டும். ஐ.பி.எம்மில் பெரிய இயக்குதளம் கட்டிய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு நேர்மாறாக, எல்லா நிரலாளரும் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்றிருந்தார். இருபது வருடம் கழித்து வந்த பதிப்பில் பார்னாஸ் சொன்னதே சரி, நான் சொன்னது தவறு என்று வெளிப்படையாக எழுதினார். "பாருங்க, புரூக்ஸே ஒத்துக்கிட்டார். ஆளாளுக்கு அவங்கவங்க பெட்டி போதும்" என்று நம் டேமேஜர்கள் மேற்கோள் காட்டுவார்கள்.

ஆனால் பார்னாஸ் மறைக்கச் சொன்னது எதை? ஒரு பகுதி தன் வேலையை *எப்படிச்* செய்கிறது என்பதை. அது மற்றவற்றோடு எங்கே தொடுகிறது, எதை வாங்குகிறது, எதைக் கொடுக்கிறது என்பதை மறைக்கச் சொல்லவே இல்லை. அந்தத் தொடுமிடத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே இருப்பதை மூட வேண்டும் என்பதே அவர் முறை. வியூக வரைபடத்தில் தொடுமிடம் எது? அம்புகள்தான். பெட்டிக்குள் இருக்கும் பட்ஜெட், ஆள் கணக்கு, விலைப்பட்டியல் எல்லாம் உள்விவகாரம். நம்மவர்கள் பார்னாஸைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். மறைக்கக் கூடாததை மறைக்கிறார்கள். மறைக்க வேண்டியதை? அதற்கு வருகிறேன்.

மூன்றாவது வாதம்: "வெளியாள் இன்றைக்கு நம்மிடம், நாளைக்குப் போட்டிக் கம்பெனியிடம்." நியாயமான பயம். ஆனால் உள்ளே இருக்கும் நிரந்தர ஊழியரும் ரெண்டு வருடத்தில் போட்டிக் கம்பெனிக்குப் போகிற ஊர் இது. அவருக்கு முழுப் பலகையும் திறந்திருக்கிறது. ஐந்து வருடமாக அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தக்காரருக்கு மூன்று பெட்டி. கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தை வைத்து நம்பிக்கையை அளக்கிறார்கள்.

மறைப்பது வேறு, நீக்குவது வேறு

இப்படிக் காரணத்தை மறைக்கிற அதே ஆட்கள், உண்மையிலேயே மறைக்க வேண்டியதைக் கோட்டை விடுவதுதான் இதில் பெரிய வேடிக்கை.

2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ் ஒரு தகவல் உரிமைக் கேள்விக்குப் பதிலாக ஒரு எக்செல் கோப்பை வெளியிட்டது. பார்ப்பதற்கு வெறும் எண்ணிக்கை அட்டவணை. ஆனால் அதே கோப்பில் மறைத்து வைக்கப்பட்ட இன்னொரு ஷீட் இருந்தது. அதில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள், ஊழியர்களின் பெயர் விவரம். போலீஸ்காரரின் வீடு தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற வரலாறு உள்ள ஊர் அது. மறுவருடம் ஏழரை லட்சம் பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. ஷீட்டை மறைத்தார்கள், நீக்கவில்லை. திரையில் தெரியவில்லை என்றால் கோப்பில் இல்லை என்று நினைத்ததுதான் வினை.

2019-ல் பாக்ஸ் என்ற கோப்புப் பகிர்வுச் சேவையில் பல கம்பெனிகளின் ரகசிய ஆவணங்கள், லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற நிலையில் திறந்து கிடந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. பகிர்ந்தவர்களே திறந்து வைத்திருந்தார்கள்.

வரைபட மென்பொருளிலும் இதே கதைதான். ஒரு மூலைக்கு லிங்க் கொடுத்தால் அந்த மூலை மட்டும் தெரியும் என்று நினைப்போம். பல செயலிகளில் அனுமதி என்பது முழுப் பலகைக்குத்தான். லிங்க் உங்களை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவே. சுட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் பக்கத்துக் கிளையில் அடுத்த வருட ஆட்குறைப்புத் திட்டம் பல்லிளிக்கும். மடித்து வைத்த கிளையை விரிக்க ஒரு சொடுக்கு போதும். ஆக, ஒழுங்கானவன் அம்பு தெரியாமல் திணறுகிறான், நோண்டுகிறவன் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறான். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

பெயரை நீக்கினால் போதும் என்றும் மெத்தனமாக இருக்க முடியாது. ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. யார் பெயரும் கிடையாது, ஓடிய தடங்கள் மட்டும். 2018 ஜனவரியில் ஒருவர் கவனித்தார்: பாலைவனத்தின் நடுவே, இருட்டில், பளிச்சென்று ஒரு செவ்வகம். ராணுவ முகாமின் சுற்றுப்பாதை! அதனால் எதை நீக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்க ஒரு மனுஷன் தேவை. அந்த யோசனைக்குச் சோம்பல்பட்டுத்தான் கத்தரியை எடுக்கிறார்கள்.

துண்டு எவ்வளவு தூரம் போகும்

இதெல்லாம் ஒப்பந்தம், காலாண்டு, பச்சை சிவப்பு என்று நினைத்துவிடாதீர்கள். போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் எம்-காஸ் என்று ஒரு தானியங்கி அமைப்பு இருந்தது. மூக்கு அளவுக்கு மீறி மேலே போவதாகத் தோன்றினால் வால் பகுதிச் சிறகைத் திருப்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளும். ஆரம்பத்தில் பாதுகாப்பு மதிப்பீட்டில் காட்டப்பட்டது ஒரு தடவைக்கு 0.6 பாகை. சோதனைப் பறத்தல்களுக்குப் பின் அது 2.5 பாகை ஆக்கப்பட்டது. இந்த மாற்றம் அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டு அமைப்பில் தெரிய வேண்டிய எல்லோரையும் போய்ச் சேரவில்லை. விமானிகளின் கையேட்டில் எம்-காஸ் பற்றியே இல்லை. "அவர்களுக்குத் தேவையில்லை."

2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர். மொத்தம் 346 உயிர்.

அந்த விபத்துகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரே சென்சாரை நம்பியது, அவசரம், வியாபாரப் போட்டி எல்லாம். அதை மறைக்கவில்லை. ஆனால் வேலையைச் செய்கிறவனுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை, வேலையைச் செய்யாதவன் மட்டும் உட்கார்ந்து முடிவு பண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன?

அடுகோடியிலிருந்து மடிவாளா வரைக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தர்மபுரி, சேலம், கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலை. அதில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் வெண்டர் அட்டை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் வீட்டுச் செலவு முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரிதான். ஃபிளாட்டுக்கு முன்பணம், பிள்ளைக்கு அட்மிஷன், தங்கை கல்யாணம், ஊரில் அம்மா அப்பாவை இங்கே கூட்டி வந்துவிடலாமா என்ற யோசனை.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். அவர் ஒரு பழைய மென்பொருளைப் பராமரிக்கும் டீமில் ஒப்பந்தக்காரர். கையில் இருந்த துண்டுப் படத்தில் அவர் பெட்டி எப்போதும் பச்சை. "வேலை நல்லா போகுது அண்ணே" என்பார். அதை நம்பி ஊரில் இருந்த நிலத்தை விற்று இங்கே பிள்ளையைப் பெரிய பள்ளியில் சேர்த்தார். பலகையின் வேறொரு கிளையில் அந்தப் பழைய மென்பொருளையே மூடிவிடும் திட்டம் ஒரு வருடமாகவே இருந்திருக்கிறது. அவர் செய்துகொண்டிருந்த வேலையே, மூடும்வரை ஆட விடாமல் பிடித்துக்கொள்ளும் முட்டுக்கட்டை வேலை. ஜூனில் அட்மிஷன், செப்டம்பரில் வேலை இல்லை. பையன் இப்போது பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறான்.

மூடும் தேதியைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதில் ரகசியம் இருக்கலாம். ஆனால் "இது வளரும் கிளை, இது நிற்கும் கிளை, இது முடியப்போகும் கிளை" என்று மூன்று நிறத்தில் ஒரு நிறம் பூசுவதில் எந்த ராஜ ரகசியம் போய்விடும்? முடியப்போகும் கிளையில் இருப்பவன் ஓடிவிடுவான் என்று பயமா? அப்படியானால் அதற்குச் சேர்த்துச் சம்பளம் கொடுத்து நிறுத்திக்கொள். தெரியாமல் வைத்திருந்து நிறுத்துவது பாதுகாப்புக் கொள்கை இல்லை, கூலியை மிச்சம் பிடிக்கும் வழி. அதைத்தான் "தேவையான பகுதி" என்று மெழுகுகிறார்கள்.

வியூகம் மாறினால் தெருவே மாறும் என்பதற்கு அடுகோடியே சாட்சி. 1951-ல் தொடங்கிய மைக்கோ, பிற்பாடு பாஷ் என்று பெயர் மாறியது. அதன் தொழிற்சாலையைச் சுற்றித்தான் இந்தப் பகுதியின் ஷிப்டு வாழ்க்கை இருந்தது. உற்பத்தி படிப்படியாகப் பிடதிக்குப் போனது. அதே வளாகம் 2022-ல் புதிய தொழில்நுட்ப வளாகமாகத் திறப்பு விழா கண்டது. இது தொழில் முடிவு, அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒரு பெட்டி பத்து மைல் தள்ளிப் போனால் அதோடு டீக்கடை, மெஸ், வாடகை வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் நகரும். வரைபடத்தில் அம்பு போடுகிறவனுக்கு அது கோடு. இந்தப் பக்கம் அது குடும்பம்.

சரி, எப்படித்தான் பகிர்வது?

குறை சொல்லிவிட்டு ஓடிப்போக மாட்டேன். வழி இருக்கிறது. அதுவும் நம் நாட்டு அரசாங்கமே, நிஜ வரைபட விஷயத்தில், தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த வழி.

2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, வரைபடங்களை இரண்டு வரிசையாகப் பிரித்தது. ராணுவத்துக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று. பொது வரிசையிலும் அனுமதி, உரிமம் என்று ஏகப்பட்ட படி. 2021 பிப்ரவரி 15-ல் அறிவியல் தொழில்நுட்பத் துறை புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் மனப்போக்கே மாறியது. இந்திய நிறுவனங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை என்றார்கள். எந்த *இடத்தை* வரையக் கூடாது என்று பார்ப்பதை விட்டு, எந்த *விவரத்தை* ஒட்டக் கூடாது என்று ஒரு தடைப்பட்டியல் என்ற முறைக்கு வந்தார்கள். அதாவது இடம் படத்தில் இருக்கும், ரகசியமான விவரம் மட்டும் அதன்மேல் எழுதப்படாது.

எல்லையில் எதிரியை வைத்துக்கொண்டிருக்கிற ஒரு நாடே, படத்தைக் கிழிக்காமல் விவரத்தை மட்டும் எடுத்தால் போதும் என்ற முடிவுக்கு வர முடிந்தது. இருநூறு பேர் கம்பெனியால் வர முடியாதா?

இதையே வியூக வரைபடத்துக்குக் கொண்டு வந்தால்:

1. மூலையாக வெட்டாதே. எல்லாப் பெட்டியும் எல்லா அம்பும் இருக்கட்டும். எண், தேதி, பெயர், விலை ஆகியவற்றை எடு. சில பெட்டிகளின் தலைப்பே ரகசியம் என்றால் தலைப்பை எடுத்துவிட்டு வெற்றுப் பெட்டியாக வை. அங்கே ஏதோ இருக்கிறது என்பதாவது தெரியட்டும்.

2. வெளியாளின் பெட்டியிலிருந்து மேல் தட்டு வரை போகும் பாதை முழுதும் வாசிக்கும்படி இருக்க வேண்டும். "நீ இதைச் செய்வது எதற்காக" என்பதற்கு விடை இல்லாத படத்தை அனுப்பாதே.

3. மறைக்காதே, நீக்கு. வெளியாளுக்கு என்று புதுப் பலகை உருவாக்கு. மூலப் பலகையின் லிங்க்கைத் தராதே. அனுப்பும் முன் வேறொரு கணக்கில் நுழைந்து, வெளியாள் கண்ணால் பார்.

4. யாருக்கு, எதை, என்று எழுதி வை. தேதி போட்டு முடிவு வை. ஒப்பந்தம் முடிந்த அன்றே லிங்க்கும் முடியட்டும். மூலப் படம் மாறும்போது வெளிப் படமும் மாறுகிறதா என்று பார்க்க ஒருவருக்குப் பொறுப்புக் கொடு. இல்லாவிட்டால் போன வருடப் படத்தை வைத்து இந்த வருட வேலையை வாங்குவாய்.

5. வளரும், நிற்கும், முடியும். மூன்று நிறம்.

இதெல்லாம் கற்பனை என்பவர்களுக்கு: காப்லானும் நார்ட்டனும் வேறொருவரோடு சேர்ந்து 2010-ல் எழுதிய கட்டுரையில், சோல்வே என்ற மருந்துக் கம்பெனியும், அதற்கு மருந்துச் சோதனைகள் நடத்தித் தரும் குயின்டைல்ஸ் நிறுவனமும், ஒன்றாக உட்கார்ந்து பொதுவாக ஒரு வியூக வரைபடம் போட்ட கதை இருக்கிறது. அங்கே துண்டு வாங்கும் இடத்தில் யாரும் இல்லை, இரண்டு கையும் ஒரே படத்தை வரைந்தன. நம் பெங்களூர் இன்ஃபோசிஸ் தன் கிளையண்ட் உறவுகளை இந்த முறையில் அளக்க முயன்றதும் ஹார்வர்டில் பாடமாக இருக்கிறது. முறையைக் கண்டுபிடித்தவர்களே கூட்டாளியோடு பகிரச் சொல்கிறார்கள். நம்மவர்கள்தான் கத்தரியோடு நிற்கிறார்கள்.

நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக, கொஞ்சம் கசப்பானது. அந்தக் கத்தரியைப் பிடித்திருக்கும் கை எப்போதும் வெள்ளைக்காரன் கை இல்லை. பாதி நேரம் அது நம் கை. ஈரோட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இதே ஹோசூர் ரோட்டில் வந்து இறங்கி, வெண்டர் அட்டையோடு ஆரம்பித்து, இன்றைக்கு நிரந்தர அட்டையோடு மேலாளராக உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள். தனக்குப் படம் முழுதாகத் தெரிவது ஒரு அந்தஸ்து. அடுத்தவனுக்குத் தெரியாமல் இருந்தால்தான் அந்த அந்தஸ்துக்கு மதிப்பு. "தம்பி, அதெல்லாம் உங்க லெவலுக்கு வேண்டாம்" என்று சுத்தத் தமிழிலேயே சொல்கிறார்கள். தலைமையகம் மறைக்கச் சொன்னது கால்வாசி, இவர்கள் தாமாகச் சேர்த்துக்கொண்டது முக்கால்வாசி.

ஐயா, உங்கள் மென்பொருளில் பகிர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்வேனா? இதை நம்பி நான் என் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பேன்?

துண்டுப் படம் வாங்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: கேளுங்கள். "என் பெட்டியிலிருந்து மேலே போகும் அம்பு எங்கே போகிறது?" என்று முதல் கூட்டத்திலேயே, மரியாதையாக, மெயிலில் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் வேலை நன்றாக நடக்கும். வராவிட்டால், வரவில்லை என்பதற்கு உங்களிடம் எழுத்தில் சாட்சி இருக்கும். "வியாபாரப் புரிதல் இல்லை" என்று நாளைக்கு யாராவது சொன்னால் அந்த மெயிலை எடுத்துக் காட்டலாம். அதோடு, அம்பு எங்கே போகிறது என்று தெரியாதவரைக்கும் ஊர் நிலத்தை விற்காதீர்கள்.

டிஸ்கி: இந்தப் பதிவில் வரும் கிளையண்ட் யார் என்று தனிமடலில் கேட்காதீர்கள். தேவையான பகுதியை மட்டும் ஷேர் பண்ணியிருக்கிறேன் :-)